கைதட்டல் கேட்காத ஆண்டுகள்

இசைக் கலைஞர்களைப் பற்றி எடுக்கப்படும் படங்களுக்கு ஏறக்குறைய ஒரே பாதைதான். வறுமையில் பிறப்பார், யாரும் சீந்த மாட்டார்கள், ஒரு நாள் யாரோ ஒருவர் கண்ணில் படுவார், புகழின் உச்சிக்குப் போவார், போதையிலோ ஆணவத்திலோ சரிவார், கடைசிக் காட்சியில் நிரம்பி வழியும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உழைத்தால் ஒரு நாள் பலன் உண்டு என்ற பாடத்தோடு எழுந்து வருவோம். 2012-இல் வெளிவந்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ என்ற ஆவணப்படமும் கிட்டத்தட்ட அப்படியொரு கைதட்டலுக்குத்தான் நம்மை அழைத்துச் செல்கிறது. ஆனால் அந்தப் படத்தில் மனதை விட்டு அகலாமல் நிற்பது அந்தக் கைதட்டல் அல்ல. அது வருவதற்கு முன் ஓடி முடிந்த 27 ஆண்டுகள். படம் அந்த ஆண்டுகளைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. வாழ்க்கைக்கான பாடம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

படத்தின் நாயகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். 1942-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவர். கார் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்து, பின்னர் அவற்றோடு சேர்ந்தே நொடிந்துபோன நகரம் அது. 1960-களின் கடைசியில், ஆற்றங்கரையோரம் புகை மண்டிக் கிடந்த ஒரு மதுக்கூடத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இசைத் தயாரிப்பாளர்கள் அங்கே அவரைக் கேட்டு அசந்துபோனார்கள். 1970-இல் ‘கோல்ட் ஃபேக்ட்’, 1971-இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. பாப் டிலனுக்குச் சமமானவர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் நம்பினார்கள். நகரத்தின் ஏழ்மை, வேலையின்மை, போதை, அதிகாரத்தின் பொய்கள் எல்லாம் அந்தப் பாடல்களில் இருந்தன. வாங்கத்தான் ஆளில்லை. அமெரிக்காவில் எத்தனை பிரதிகள் விற்றன என்று கேட்டால், இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவர் படத்தில் சொல்லும் பதில்: ஆறு. வேதனையில் பிறந்த வேடிக்கைப் பேச்சு அது. நிலைமை உண்மையில் அவ்வளவு மோசமாகத்தான் இருந்தது. நிறுவனம் அவரைக் கைவிட்டது. அந்த நிறுவனமும் 1975-இல் மூடப்பட்டது. ரோட்ரிகஸ் கிட்டாரை வீட்டில் வைத்துக்கொண்டு, கட்டட வேலைக்குப் போனார்.

அதே சமயம், உலகின் மறுகோடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்த தென்னாப்பிரிக்காவுக்குள் ‘கோல்ட் ஃபேக்ட்’ எப்படியோ நுழைந்துவிட்டது. உலகம் ஒதுக்கி வைத்திருந்த நாடு. 1976 வரை அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது. எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம் என்பதை அரசு முடிவு செய்தது. அந்த மூச்சுமுட்டலில் வளர்ந்த வெள்ளை இன இளைஞர்களுக்கு, அதிகாரத்தை எதிர்த்துப் பாடலாம் என்ற எண்ணத்தையே முதலில் தந்தவர்களில் ஒருவர் இந்த முகம் தெரியாத டெட்ராய்ட்காரர். பீட்டில்ஸின் ‘அபி ரோட்’ இருந்த வீடுகளில் ‘கோல்ட் ஃபேக்ட்’டும் இருந்தது என்கிறார்கள். 1980-களின் இறுதியில் ஆட்சிக்கு எதிராக ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே பாடக் கிளம்பிய இசைக்கலைஞர்கள், தங்களுக்குத் துணிவு தந்தவர் ரோட்ரிகஸ் என்று படத்தில் சொல்கிறார்கள்.

படத்தில் ஒரு காட்சி. அரசு வானொலியின் பழைய ஆவணக் காப்பகம். வரிசை வரிசையாக அலமாரிகள். அங்கே பணிபுரிந்த பெண்மணி ‘கோல்ட் ஃபேக்ட்’ இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறார். தடை செய்யப்பட்ட பாடல் இருக்கும் இடத்தில் மட்டும் கூரிய ஏதோ ஒன்றால் கீறி வைத்திருக்கிறார்கள். தவறிப்போய்க்கூட யாரும் ஒலிபரப்பிவிடக் கூடாதாம். கறுப்புப் பரப்பின் மேல் வெள்ளையாக ஓடும் அந்தக் கீறலைப் பார்க்கும்போது, ஓர் அரசாங்கம் ஒரு பாட்டுக்கு எவ்வளவு பயந்திருக்கிறது என்பது புரிகிறது. பாடியவருக்கோ இது எதுவும் தெரியாது. ஒரு தேசத்தின் அரசு அஞ்சி நடுங்கிய அந்த மனிதர், அதே நாட்களில் டெட்ராய்ட்டில் யார் வீட்டுச் சுவரையோ இடித்துக் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்.

ரசிகர்களுக்கும் அவரைப் பற்றி எதுவும் தெரியாது. மேடையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார் என்றும், தீக்குளித்தார் என்றும் கதைகள் உலவின. 1990-களில் கேப் டவுனைச் சேர்ந்த ஸ்டீஃபன் செகர்மன் என்ற ரசிகரும், கிரெய்க் பார்தலோமியு என்ற பத்திரிகையாளரும் அவர் எப்படித்தான் செத்தார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். இசைத்தட்டு விற்ற பணம் போன வழியைத் துருவினார்கள். பாதை பாதியில் அடைத்துக்கொண்டது. பாடல் வரிகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். கடைசியில் ‘டியர்பார்ன்’ என்ற ஒரு பெயர் கைகொடுத்தது. டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர் அது. அந்த நூலைப் பிடித்துப் போன பார்தலோமியு, தயாரிப்பாளர் மைக் தியோடரைத் தொலைபேசியில் பிடித்து, ரோட்ரிகஸ் எப்படி இறந்தார் என்று கேட்டார். இறந்தாரா, அவர் உயிரோடு இருக்கிறாரே என்று பதில் வந்தது. தேடலுக்காகத் தொடங்கியிருந்த இணையதளத்தை ரோட்ரிகஸின் மூத்த மகள் பார்த்து எழுதினார். 1998 மார்ச்சில், 55 வயதில், ரோட்ரிகஸ் கேப் டவுன் மேடையில் ஏறினார். அரங்கில் ஆயிரக்கணக்கானோர். நிமிடக்கணக்கில் ஓயாத ஆரவாரம். தன்னை உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி என்று அவர்களிடம் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நாம் வழக்கமான பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். திறமை ஒரு நாளும் வீண்போகாது. காலம் கண் திறக்கும். காத்திருந்தவனுக்குக் கைமேல் பலன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. ஒரு பாட்டில் ஓர் ஊர்ப் பெயர் வராமல் போயிருந்தால்? இணையம் ஐந்தாண்டு பிந்தி வந்திருந்தால்? செகர்மனுக்கு வேறு ஒரு பாடகர் மேல் பித்துப் பிடித்திருந்தால்? ரோட்ரிகஸ் பாடிய அதே டெட்ராய்ட் மதுக்கூடங்களில் எத்தனையோ பேர் பாடினார்கள். அவர்களைத் தேடி யாரும் கடல் கடந்து வரவில்லை. அவர்களில் எவருக்கும் திறமை இல்லை என்றா சொல்வோம்? தேடி வந்த புகழைத் திறமையின் கூலி என்று சொன்னால், புகழ் வராத கோடிக்கணக்கான நேர்மையான உழைப்பாளிகளை நாம் அவமதிக்கிறோம். புகழ் ரோட்ரிகஸுக்கு வந்தது தற்செயல். தற்செயலிலிருந்து யாரும் பாடம் கற்க முடியாது. நன்றி மட்டும் சொல்லலாம்.

கற்க வேண்டியது அந்த 27 ஆண்டுகளில் இருக்கிறது.

அவரோடு கட்டட வேலை செய்த ரிக் எமர்சன் என்ற தொழிலாளி படத்தில் பேசுகிறார். இடிக்கும் வேலை, சுத்தம் செய்யும் வேலை, தூசியும் சிமென்ட்டும் அப்பும் வேலை. அந்த வேலைக்கு ரோட்ரிகஸ் சில நாட்கள் டக்ஸிடோ அணிந்து வருவாராம். விருந்துக்கும் கச்சேரிக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு அது. இதைச் சொல்லும்போது எமர்சன் குரலில் கேலியின் சாயலே இல்லை. மற்றவர்கள் முகம் சுளிக்கிற வேலையை அவர் ஒரு சடங்குபோல மதித்துச் செய்தார் என்று சொல்கிறார். எமர்சன் அவரைப் பட்டுப்புழுவுக்கு ஒப்பிடுகிறார்: வாழ்க்கை தந்த கச்சாப் பொருளை வாங்கிக்கொண்டு, அதை வேறொன்றாக, அதற்கு முன் இல்லாத ஓர் அழகாக மாற்றித் தந்தவர். ஒரு கட்டடத் தொழிலாளி தன் சக தொழிலாளியைப் பற்றிச் சொன்ன இந்தச் சொற்களை, எந்த இசை விமர்சகர் எழுதிய பாராட்டும் எட்டவில்லை.

மகள்கள் மூவரும் பேசுகிறார்கள். வீட்டில் காசு இல்லை. ஆனால் அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு போன இடங்கள் நூலகங்கள், அருங்காட்சியகங்கள், அறிவியல் மையங்கள். அவைதான் தங்களுக்குப் பிள்ளைக் காப்பகமாக இருந்தன என்கிறார் ஒரு மகள். வறுமை என்பது பையில் இருக்கலாம். கனவில் இருக்கத் தேவையில்லை என்பதை அந்த மனிதர் பிள்ளைகளுக்கு வாயால் போதிக்கவில்லை, கையைப் பிடித்து நடத்திக் காட்டினார். கூலி வேலை பார்த்துக்கொண்டே வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 1981-இல் பட்டம் வாங்கினார். உழைப்பவர்களின் பக்கம் நிற்க வேண்டும் என்று நகர மன்றத் தேர்தலில் போட்டியிட்டார். வாக்குச் சீட்டில் அவர் பெயரையே பிழையாக அச்சிட்டிருந்தார்கள். தோற்றார். மறுபடியும் நின்றார். இசைத்தட்டில் தோற்றவர் வாழ்க்கையில் எதையும் அரைமனதாகச் செய்யவில்லை. பாட்டுக்குக் கொடுத்த அதே சிரத்தையை இடிக்கும் சுவருக்கும், படிக்கும் புத்தகத்துக்கும், வளர்க்கும் பிள்ளைக்கும் கொடுத்தார்.

கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்ற உபதேசம் நமக்குப் பழகிய ஒன்று. ரோட்ரிகஸை அதற்கு உதாரணமாக்கிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அவர் பலனை எதிர்பார்த்தவர்தான். நாலு பேர் கேட்க வேண்டும் என்றுதான் எவரும் இசைத்தட்டுப் போடுவார்கள். இசையைத் தொடர ஆசை இருந்ததா என்று படத்தில் கேட்கப்படுகிறது. தொடர விரும்பினேன், ஆனால் எதார்த்தத்தை வெல்ல முடியாது, அதனால் வேலைக்குத் திரும்பிவிட்டேன் என்ற பொருளில் சில சொற்களில் முடித்துவிடுகிறார். ஏமாற்றத்தை மறைக்கவும் இல்லை, அதை ஏந்திக்கொண்டு ஊர்வலம் போகவும் இல்லை. துறவியின் பற்றின்மை வேறு, இது வேறு. ஆசைப்பட்டது கிடைக்காத பிறகும், கிடைத்ததை அவமதிக்காமல் இருப்பது. நம்மைப்போன்ற சாதாரண மனிதர்களுக்கு எட்டக்கூடிய பெருமை இதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். ரோட்ரிகஸின் கதையைப் படம் முழுமையாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது. 1979-இலும் 1981-இலும் அங்கே போய்ப் பாடியிருக்கிறார். இயக்குநர் மாலிக் பெஞ்ஜெலூல் இதைப் படத்தில் சேர்க்கவில்லை. முற்றிலும் மறக்கப்பட்டவர் என்ற கதைக்கு அது இடைஞ்சல். ஆவணப்படத்தில் இப்படி விடுவது நியாயமா என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். நான் இதில் இயக்குநர் பக்கம் இல்லை. உண்மை மனிதரின் கதையைச் சொல்பவருக்கு உண்மையிடம் கடமை உண்டு. ஆனால் விடுபட்ட இந்தச் செய்தி ரோட்ரிகஸைச் சிறிதும் குறைக்கவில்லை. அவருக்குக் கைதட்டலின் ருசி தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் தன் பாட்டைக் கேட்க வருவார்கள் என்று 40 வயதுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும், ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்து மறுபடி அதே கூலி வேலைக்குப் போனார். ருசி அறியாதவர் அமைதியாக இருப்பது எளிது. அறிந்து, இழந்து, அமைதியாக இருப்பது கடினம். படம் விட்டுவிட்ட செய்திதான் படத்தின் நாயகரை இன்னும் உயர்த்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அவர் இசைத்தட்டுகள் ஐந்து லட்சம்வரை விற்றிருக்கலாம் என்று படத்தில் ஒரு கணக்கு வருகிறது. அந்தப் பணத்தில் ரோட்ரிகஸுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பணம் யாரிடம் போனது என்ற கேள்விக்குப் படத்தில் தெளிவான பதில் கிடைப்பதில்லை. கேட்டால் நிறுவனத் தலைவருக்குக் கோபம்தான் வருகிறது. ஒருவருடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு, அவருக்குச் சேர வேண்டியதை மறந்துவிடுவது நம் எல்லோருக்கும் வசதியான பழக்கம். கலைஞர் பணத்தைப் பெரிதாக நினைக்காதவராக இருக்கலாம். அது அவர் குணம். கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் இருப்பது குற்றம். முன்னது பின்னதற்குச் சமாதானம் ஆகாது. ரோட்ரிகஸிடம் கற்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எளிமை நாமாக ஏற்பது. மற்றவர் மேல் சுமத்துவதற்கு அல்ல.

கைதட்டல் வந்த பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதில்தான் முந்தைய ஆண்டுகளின் உண்மை தெரிகிறது. கேப் டவுன் விமான நிலையத்தில் நீண்ட சொகுசுக் கார்கள் வந்து நின்றபோது, யாரோ பெரிய மனிதருக்காக வந்தவை என்று எண்ணி அந்தக் குடும்பம் விலகி வழிவிடப் பார்த்ததாம். மேடையில் ஏறியபோது ரோட்ரிகஸிடம் பதற்றம் இல்லை. வர வேண்டிய இடத்துக்கு வந்தவர்போல் நின்றார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கச்சேரிகள் முடிந்ததும் டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். அரசாங்க ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய அதே பழைய வீடு. விறகை அடுப்பில் போட்டுக் குளிரை விரட்டும் அதே வாழ்க்கை. மறுபடியும் கூலி வேலை. வந்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டார். 2013 பிப்ரவரியில் இந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றபோது அவர் விழாவுக்கே போகவில்லை. பெருமை படம் எடுத்தவர்களைச் சேர வேண்டும், தான் போய் நின்றால் கவனம் தன் மேல் திரும்பிவிடும் என்பது அவர் எண்ணம். புகழால் அவரிடம் எதையும் சேர்க்க முடியவில்லை. ஏனென்றால் அது வருவதற்கு முன்பே அவரிடம் குறை ஏதும் இருக்கவில்லை.

கைதட்டல் உறுதியில்லாதபோதும் சிரத்தையோடு வேலை செய்ய முடியும் என்பதற்கு அந்தப் படம் உருவான விதமும் சாட்சி. பணம் தருவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினார்கள். பெஞ்ஜெலூல் ஓவியங்களைத் தானே வரைந்தார். படத்தொகுப்பைத் தானே செய்தார். கடைசியில் சில காட்சிகளைக் கைபேசியில், ஓரிரு டாலர் விலையுள்ள ஒரு செயலியை வைத்துப் பிடித்தார். விருது வரும் என்று தெரிந்து அவர் அந்த ஆண்டுகளைக் கழித்திருக்க முடியாது. அந்த வேலை தன்னிடம் வந்துவிட்டது, அதைச் சரியாக முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவர் கையில் வேறு எதுவும் இல்லை.

நாம் வாழும் காலம் இதற்கு நேர்எதிர்த் திசையில் ஓடுகிறது. பாடத் தொடங்கி ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் போட்டி மேடையில் ஏற்றுகிறோம். நடுவர் மதிப்பெண் அறிவிக்கும்வரை அந்தப் பிஞ்சு முகத்தைக் கேமரா விடாமல் காட்டுகிறது. தேர்வாகாத குழந்தை அழுதால், அதற்கும் பின்னணி இசை சேர்க்கிறார்கள். பெரியவர்களும் அதே மேடையில்தான் நிற்கிறோம். சமைத்ததைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிறோம். எழுதியதை எத்தனை பேர் விரும்பினார்கள் என்று மணிக்கு நான்கு முறை எடுத்துப் பார்க்கிறோம். எண்ணிக்கை குறைந்தால் செய்த வேலையே மட்டமாகத் தெரிகிறது. பார்க்க ஆள் இல்லாத வேலையை மெல்ல மெல்ல அரைகுறையாகச் செய்யக் கற்றுக்கொள்கிறோம். உண்மையான இழப்பு இங்கேதான் நேர்கிறது. பாராட்டு கிடைக்காததால் யாரும் சிறுத்துப்போவதில்லை. பாராட்டு வராத இடத்தில் நம் சிரத்தையைக் குறைத்துக்கொள்ளும்போது சிறுத்துப்போகிறோம்.

அங்கீகாரம் மற்றவர்களிடம் இருக்கிறது. அது வரலாம், பிந்தி வரலாம், தப்பான ஆளிடம் போகலாம், வராமலே போகலாம். அதை வரவழைக்கும் வித்தை எவரிடமும் இல்லை. வேலையைச் செய்யும் விதம் நம்மிடம் இருக்கிறது. அதை எந்த நிறுவனமும் கைவிட முடியாது. எந்தத் தணிக்கையாளரும் கீற முடியாது. எந்தத் தேர்தலிலும் அது தோற்பதில்லை. ஒரு மனிதர் யார் என்பதை உலகம் அவருக்குத் தந்தது தீர்மானிப்பதில்லை. யாரும் பார்க்காதபோது அவர் உலகத்துக்கு எதைத் தந்தார் என்பதே தீர்மானிக்கிறது. 1998-இல் ரோட்ரிகஸைத் தேடி யாரும் வராமல் போயிருந்தாலும், டெட்ராய்ட்டில் அவர் வாழ்ந்தது நிறைவான வாழ்க்கை. உலகத்துக்குத்தான் ஒரு நல்ல கதை தெரியாமல் போயிருக்கும்.

ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்ட் 8 அன்று, 81-ஆம் வயதில் காலமானார். அவருடைய படத்தைத் தேடிப் பாருங்கள், 86 நிமிடம்தான். வீட்டில் பாடவோ வரையவோ எழுதவோ கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். கடைசியில் அரங்கம் ஆரவாரம் செய்யும்போது பிள்ளையின் கண்கள் மின்னும், மின்னட்டும். அதன் பிறகு, டக்ஸிடோ போட்டுக்கொண்டு சுவர் இடிக்கப் போன அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுங்கள். அரங்கம் கிடைப்பது எவர் கையிலும் இல்லை. அந்த மனிதரைப்போல் வாழ்வது எல்லோராலும் முடியும் என்று சொல்லுங்கள்.